பசியைப் பார்க்க வந்தவர்கள்

உலகத்து நாடுகளெல்லாம், சண்டை நடந்தால் ஒரே மண்டபத்தில் கூடி அதைப் பற்றிப் பேசுவது என்று ஒப்புக்கொண்டிருந்த காலத்தில், உழிஞை என்ற பெரிய நாடு தன் பக்கத்திலிருந்த நொச்சி என்ற சின்ன நாட்டுக்குள் படையோடு நுழைந்தது. நொச்சிக்காரர்கள் தங்கள் வீட்டுச் சன்னல்களை உழிஞையைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், அது மிரட்டல் என்று உழிஞை காரணம் சொன்னது. சன்னல்கள் இருந்த சுவர்கள் முதல் வாரத்திலேயே இல்லாமல் போயின. படை திரும்பவில்லை.

மண்டபம் நடுமேடு என்ற இடத்தில் இருந்தது. அதைப் பற்றி எல்லா நாடுகளுக்கும் பெருமை. கூரை அவ்வளவு உயரம் என்பதால் அங்கே யார் எதைச் சொன்னாலும் கம்பீரமாகக் கேட்கும். பேரவைத் தலைவர் மகுடேசுவரர் கூட்டத்தைத் தொடங்கி வைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களின் சண்டையில் மூன்றாமவர் தலையிடலாமா என்பதே கேள்வி என்றார். தலையிடவே கூடாது என்று சிலர் பேசினார்கள்; அவர்கள் விற்ற பீரங்கிகள் ஏற்கெனவே தலையிட்டிருந்தன. உடனே தலையிட வேண்டும் என்று வேறு சிலர் பேசினார்கள். எங்களுக்கு முன்னால் வேறு யாராவது போனால் பின்னாலேயே வருகிறோம் என்று முடித்தார்கள். நொச்சியின் தூதர் எழுந்து, உங்கள் பேச்சு முடிவதற்குள் நாங்கள் முடிந்துவிடுவோம் என்றார். அந்த வாக்கியம் நன்றாக அமைந்திருப்பதாகப் பலரும் பாராட்டினார்கள்.

முதல் ஆணை ஒருமனதாக வந்தது. போரில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மூச்சு நேரம் மௌனம் காத்த பிறகே விவாதம் தொடங்க வேண்டும். முதல் மாதத்தில் இது அழகாக இருந்தது. இரண்டாம் மாதத்தில் மௌனம் மதியச் சாப்பாடு வரைக்கும் நீண்டது. மூன்றாம் மாதம் காலையில் கூடிய பேரவை மாலையில் மௌனமாகவே கலைந்தது. இடையில் எழுந்து பேச முயன்ற நொச்சித் தூதரை, இறந்தவர்களை அவமதிக்காதீர்கள் என்று காவலர்கள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார்கள். உலகம் இவ்வளவு நேரம் ஒன்றாகச் சும்மா இருந்தது சரித்திரத்தில் இதுவே முதல் தடவை என்று மகுடேசுவரர் பெருமையோடு அறிவித்தார்.

இதற்குள் உழிஞைப் படை, நொச்சியின் துறைமுக நகரமான ஆவரந்துறையைச் சுற்றி வளைத்துவிட்டது. உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை. அங்கே மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பேரவை விவாதம் இல்லாமலேயே இரண்டாவது ஆணையைப் பிறப்பித்தது. அரிசி ஏற்றிய லாரிகள் எல்லை வரைக்கும் போய் நிற்கும். ஆனால் பசி என்பது காதால் கேட்டு நம்பக்கூடியதல்ல. பார்வையாளர்கள் நேரில் போய்ப் பசியைக் கண்ணால் கண்டு சொன்ன பிறகே லாரிகள் நகரும்.

பார்வையாளர்கள் உள்ளே போக உழிஞை ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது. அவர்கள் ஒரு பிடி அரிசிகூடக் கொண்டு போகக் கூடாது. போகிற ஊரில் கிடைப்பதைத்தான் சாப்பிட வேண்டும். அதுதான் நேர்மையான சோதனை என்று பேரவையும் ஏற்றுக்கொண்டது.

நொச்சிக்காரர்களைத் தெரிந்தவர்கள் யாரும் இதற்கு ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த மக்களுக்கு ஒரு குணம் உண்டு. வீட்டில் என்ன இல்லை என்பது விருந்தாளிக்குத் தெரியக் கூடாது. கடன் வாங்கியாவது கறி வைப்பார்கள். சாப்பிட்டவர் எழுந்து போன பிறகுதான் பானையைக் கவிழ்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். பணக்காரர், ஏழை என்ற வித்தியாசம் இதில் கிடையாது. அவர்களுடைய நாட்டுப்பண்ணில்கூட வெற்றியைப் பற்றி ஒரு வரிதான். மீதியெல்லாம் பந்தியைப் பற்றியது.

ஆவரந்துறையில் பொதுச் சமையற்கூடத்தை நடத்தியவள் செங்கமலம். முன்பு துறைமுக வாசலில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவள். முற்றுகை தொடங்கியதும் தன் அண்டாக்களைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிவந்து ஊருக்கே கஞ்சி காய்ச்சினாள். அவளுடைய மகள் மாதங்கிக்கு அப்போது ஐந்தாம் மாதம். மருமகன் அரண் காக்கப் போனவன் திரும்பவில்லை. வயிற்றுப் பிள்ளையாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்பதைத் தவிர செங்கமலத்துக்கு வேறு வேண்டுதல் இல்லை.

பார்வையாளர்கள் ஐந்து பேர் வந்தார்கள். தலைவர் பெயர் குணபூஷணம். ஆள் பருமன், பேச்சு மெல்லியது, எதையும் இரண்டு முறை பார்க்கும் கண். நகரத் தலைவர் ஏகாம்பரம், குண்டு விழுந்த நாட்களில்கூட இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்பவர், ஊர் எல்லையில் அவர்களை வரவேற்றார். அதற்கு முந்தின நாளே வீடு வீடாகச் செய்தி போயிருந்தது. யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. ஒளித்து வைத்திருந்த கைப்பிடி அரிசி வந்தது. ஒரு வீட்டிலிருந்து சேவல், இன்னொரு வீட்டிலிருந்து கொஞ்சம் பருப்பு, எங்கிருந்தோ ஒரு துண்டு வெல்லம். செங்கமலம் மகளுக்கென்று வைத்திருந்த முட்டைகளைக் கொண்டுவந்து உடைத்தாள். பார்வையாளர்கள் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். குணபூஷணம் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல் என்றார்.

ஊர் நிமிர்ந்து நின்றது. அன்று ராத்திரி யாரும் எதுவும் சாப்பிடவில்லை. ஆனால் தெருவில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது.

நடுமேட்டில் மௌனம் தொடங்குவதற்கு முன்பே அறிக்கை வாசிக்கப்பட்டது: உணவு நிலை திருப்தி, சமையல் தரம் உயர்வு. உழிஞையின் தூதர் எழுந்து, முற்றுகைக்கு முன்பு இந்த ஊரில் இவ்வளவு நல்ல சாப்பாடு கிடைத்ததற்குச் சான்று இல்லை என்று சுட்டிக்காட்டினார். லாரிகள் எல்லையிலேயே நின்றன. ஆவரந்துறையின் விருந்தோம்பலைப் பாராட்டிப் பேரவை மூன்றாவது ஆணையைப் பிறப்பித்தது.

ஆனால் ஊரிலிருந்து சாவுச் செய்திகளும் வந்துகொண்டிருந்தன. நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் ஏன் சாகிறார்கள் என்பது பேரவைக்கு விளங்கவில்லை. இந்த முரண்பாட்டைத் தீர்க்க அதே குழு மறுபடியும் போனது. இந்த முறை ஊரில் மிச்சமிருந்தது விதைநெல் மட்டும்தான். அதைக் குத்திச் சமைத்தார்கள். அறிக்கை மாறவில்லை, சாவுக்கு வேறு காரணம் இருக்கலாம், தட்பவெப்பத்தைக் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சேர்ந்திருந்தது.

மூன்றாவது முறை வருகிறார்கள், இதுதான் கடைசி, இதற்குப் பிறகு லாரிகள் திரும்பிப் போய்விடும் என்று தெரிந்தபோது மாதங்கிக்கு எட்டாம் மாதம். கன்னம் ஒட்டிப் போயிருந்தாள். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாள். சமையற்கூடத்துப் பின்கட்டில் ஊர் கூடியது. எதைச் சமைப்பது என்று ஏகாம்பரம் கேட்டார். ஒருவர் கோயில் மணியை விற்கலாம் என்றார். யாரிடம் விற்பது என்று இன்னொருவர் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது.

செங்கமலம் அடுப்புப் பக்கமிருந்து சொன்னாள். "நாம குடிக்கிறதையே ஊத்துவோம்."

"வந்தவங்களுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சியா?" என்றார் ஏகாம்பரம். "நாளைக்கு வெளியில தலை காட்ட முடியுமா செங்கமலம்? ஊரு மானம்னு ஒண்ணு இருக்குல்ல."

"இருக்கட்டும்ண்ணே. அதக் காப்பாத்த ஊர்ல ஆளும் இருக்கணும்ல. பின்தெருவுல போயிப் பாருங்க, எத்தன வீடு பூட்டிக் கெடக்குன்னு."

"ரெண்டு தடவையும் நீதானம்மா சமைச்ச."

"நாந்தான் சமைச்சேன். எம் மகளுக்கு வச்சிருந்த முட்டைய ஒடச்சு ஊத்துனதும் நாந்தான். அந்தாளு உப்பு தூக்கல்னு சொல்லிட்டுப் போனாரு."

"கடக்கரையில இருக்கோம், அது ஒண்ணுதான் நம்மகிட்ட தாராளம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். பானையில் கொதி வந்தது. எதிரி ஊரை வளைத்தபோது கலங்காத கிழவர்கள் அன்றைக்குத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். கடைசியில் ஏகாம்பரம் எழுந்து, சட்டையை நீவி விட்டுக்கொண்டு, கிண்ணங்களையாவது நன்றாகத் துலக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பார்வையாளர்கள் வந்து அமர்ந்தார்கள். செங்கமலம் கை கழுவத் தண்ணீர் கொடுத்தாள். துலக்கிய கிண்ணங்களில் பழுப்பு நிறக் கஞ்சியை ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினாள். நால்வர் முகர்ந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்கள். குணபூஷணம் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"அம்மா, இது என்ன பதார்த்தம்?"

"புளியங்கொட்டைங்க. வறுத்து, ஊறவச்சு, இடிச்சுக் காய்ச்சுறது. எங்க சாப்பாடு இதுதாங்க."

"சென்ற முறை அரிசிச் சோறு பரிமாறப்பட்டதே. அது அறிக்கையில் பதிவாகியுள்ளது."

"அது எங்க வெதநெல்லுங்கய்யா" என்றாள் செங்கமலம். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?"

அவள் அகப்பையோடு நின்றாள். தலை குனியவில்லை, அழவில்லை. விருந்தாளி வேண்டாம் என்று சொல்கிற வரைக்கும் காத்து நிற்பது அந்த நாட்டு முறை. அவர் சொல்லாததால் அவள் ஊற்றினாள்.

சர்வதேசப் பிரதிநிதிகளுக்குக் கால்நடைத் தீவனம் பரிமாறப்பட்டது என்று மற்ற நால்வரும் அன்றே வயர்லெஸ்ஸில் புகார் செய்தார்கள். பேரவை ஆவரந்துறையைக் கண்டித்தது. போர் தொடங்கிய பிறகு எல்லா நாடுகளும் சேர்ந்து கண்டித்தது அந்த ஊரை மட்டும்தான். பார்வையாளர்கள் உடனே கிளம்பியிருப்பார்கள். ஆனால் ஊரை விட்டு வெளியே போகிற ஒரே பாலத்தின் மேல் ஒரு குண்டு விழுந்து வழி அடைபட்டுவிட்டது. இரண்டாம் நாள் நால்வரும் கஞ்சியைக் குடித்தார்கள். மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம் கேட்டார்கள், இல்லை. அன்று மாலை நடுமேட்டுக்குப் போன செய்தி மிகச் சுருக்கமானது. ஆவரந்துறையில் பசி இருக்கிறது, நாங்களே நேரில் அனுபவிக்கிறோம்.

பேரவை மௌனத்தை ஒத்திவைத்துவிட்டுக் கூடியது. உறுப்பு நாடுகளின் கனவான்கள் ஐந்து பேர் பட்டினி கிடப்பதை நாகரிக உலகம் பார்த்துக்கொண்டிருக்காது என்று மகுடேசுவரர் முழங்கினார். தலையிடலாமா கூடாதா என்று யாரும் கேட்கவில்லை. ஏழு நாட்டுப் படைகள் காவலுக்கு வர, பாலம் ஒரே நாளில் சீராக, லாரிகள் ஊருக்குள் நுழைந்தன. கனவான்கள் மேல் குண்டு விழுந்தால் ஏழு நாடுகளோடும் போர் என்று சொல்லப்பட்டதால் உழிஞையின் பீரங்கிகள் வாயை மூடின. கனவான்களின் தகுதிக்கு ஏற்றபடி அரிசி ஏற்றியிருந்தார்கள். அது ஊர் முழுவதும் சாப்பிட்டாலும் தீராத அளவாக இருந்தது. சமைக்கிற இடம் ஒன்றுதான் என்பதால், சாப்பிடுகிற பந்தியும் ஒன்றாகவே இருந்தது.

மீட்பு வெற்றி, உடனே திரும்புங்கள் என்று உத்தரவு வந்த அன்று, ஏகாம்பரமும் ஊர்ப் பெரியவர்களும் பார்வையாளர்கள் முன்னால் போய் நின்றார்கள். இத்தனை நாள் சரியாகக் கவனிக்க முடியவில்லை, இப்படியே அனுப்பினால் எங்களுக்கு மரியாதை இல்லை, இன்னும் கொஞ்ச நாள் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். அவர்கள் கெஞ்சவில்லை. விருந்துக்குத்தான் அழைத்தார்கள்.

நால்வர் பெட்டியைக் கட்டினார்கள். குணபூஷணம் பள்ளிக்கூடத்துப் படியில் வெகு நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து வயர்லெஸ்ஸில் பேசினார். குரல் எப்போதும் போல மெல்லியதாக இருந்தது.

"பசியின் நிலை இன்னும் தெளிவாகவில்லை. முந்தைய இரண்டு அறிக்கைகளிலும் பிழை உள்ளதாகக் கருதுகிறேன். மேலும் கூர்ந்து கவனிக்க வேண்டியிருப்பதால் நான் இங்கேயே தங்குகிறேன். எனக்கு உணவு அனுப்பிக்கொண்டிருக்கவும். என்னுடைய பசி சற்று அதிகம்."

அவருடைய கடமையுணர்ச்சியைப் பேரவை பாராட்டியது. லாரிகள் தொடர்ந்து வந்தன. மாதங்கிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாய்க்குப் பால் இருந்தது. மழைக்காலம் தொடங்கியதும், தான் வென்றுவிட்டதாக உழிஞை அறிவித்துவிட்டுப் படையைத் திருப்பிக்கொண்டது. வந்த அரிசி மூட்டைகளோடு கேட்டு வாங்கிய நெல்லை ஆவரந்துறைக்காரர்கள் விதைத்தார்கள். குணபூஷணம் கிளம்பும்போது செங்கமலம் கட்டுச்சோறு கொடுத்தாள். இந்த முறை உப்பு சரியாக இருக்கும் என்று மட்டும் சொன்னாள். அவர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

வெளிநாடுகளின் தலையீட்டால் ஐந்து உயிர்கள் காப்பாற்றப்பட்டதன் நினைவாக நடுமேட்டில் ஒரு தூண் எழுப்பினார்கள். ஐந்து பெயர்களும் அதில் இருக்கின்றன.

அடுத்த ஆண்டு வேறொரு திசையில், வேறு இரண்டு அண்டை நாடுகளுக்குள் சண்டை வந்தது. முற்றுகைக்குள் சிக்கிய மருதங்காடு என்ற ஊரிலிருந்து பேரவைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. எங்களுக்குப் படை வேண்டாம், அரிசியும் வேண்டாம். நல்ல குடும்பத்தில் பிறந்த, பசி தாங்காத கனவான்கள் நான்கைந்து பேரை மட்டும் அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

மகுடேசுவரர் அதை இரண்டு முறை வாசித்தார். அனுபவத்திலிருந்து பாடம் கற்பதே இந்தப் பேரவையின் பெருமை என்றார். பார்வையாளர்கள் கட்டாயம் போவார்கள் என்றும், இனிமேல் அவர்கள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே கட்டிக்கொண்டு போக வேண்டும் என்றும் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. யாரும் எதிர்க்கவில்லை. தீர்மானம் நிறைவேறியதும் உறுப்பினர்கள் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.