மேனுவல் மாமாவும் ஏழு பலாப்பழங்களும்

கொசுவர்த்திச் சுருள் பெட்டியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடித்த பிறகே தீக்குச்சியை உரசும் மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். அவர் படித்து முடிப்பதற்குள் கொசுக்கள் வயிறு நிறைந்து கிளம்பிவிடும் என்பது வேறு விஷயம்.

தெருவுக்கு அவர் மேனுவல் மாமா. எந்தச் சாமான் வாங்கினாலும் கூடவே மேனுவல் என்று ஒரு புத்தகம் வருமே, நாம் பெட்டியோடு பரணில் போடுவோமே, அதை அவர் அட்டை போட்டு வைத்துக்கொள்வார். தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களையெல்லாம் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்லிச் சொல்லி, தானும் எதிலும் கடைசி வரி வரைக்கும் போகாமல் விடுவதில்லை. மிக்ஸியை ஒரு நிமிடத்துக்கு மேல் விடாமல் ஓட்டக்கூடாது என்று எங்கோ போட்டிருந்ததாம். அடுக்களை வாசலில் கடிகாரத்தோடு நின்று, "நிறுத்து, நிறுத்து! ரெஸ்ட் குடு!" என்று கத்துவார். அந்த வீட்டில் சட்னி தயாராவதற்குள் இட்லி ஆறிப்போய்விடும்.

அப்படிப்பட்டவர் தன் எஸ்.யு.வி.க்குத் தானே, வீட்டிலேயே, புது சஸ்பென்ஷன் மாட்டப் போகிறேன் என்று கிளம்பினால் தெரு சும்மா இருக்குமா?

காரணம் அவர் மனைவிதான். நான் அக்கா என்று கூப்பிடுவேன். போன தீபாவளிக்குக் குமராட்சிப் பக்கத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு அந்த வண்டியில் போனார். எட்டு வருஷத்து வண்டி. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டன. வெள்ளம் வந்து போன ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அக்காவின் தலை கூரையில் இடித்தது, மடியிலிருந்த தூக்குவாளியின் மீன்குழம்பு பட்டுப்புடவையில் இறங்கியது, இடுப்புவலி இரண்டு வாரம் படுக்கையில் போட்டது. பார்த்த டாக்டர், "எந்த மரத்துலேருந்து விழுந்தீங்க?" என்று கேட்டாராம்.

அன்றைக்கே அக்கா அறிவித்துவிட்டார். "என் இடுப்புக்கும் உங்க வண்டிக்கும் இனிமே ஒட்டும் இல்ல, ஒறவும் இல்ல."

இந்த வைகாசியில் அக்காவின் தம்பி மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் ஊரில் நலங்கு. அத்தைக்காரி முன்னால் நிற்காமல் நலங்கு ஏது? அக்கா தன் ஏற்பாட்டைச் சொன்னார். "நான் ரயில்ல சிதம்பரம் போயி, அங்கேருந்து ஆட்டோ புடிச்சுக்குறேன். நீங்க உங்க வண்டியில வாங்க."

மாமா அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"பொண்டாட்டி ஆட்டோவுல ஒரு பக்கம், புருஷன் கார்ல ஒரு பக்கம் போயி எறங்குனா மச்சினன் வீட்டுல என்னா மச்சான் நெனைப்பாங்க? அவள ஒக்கார வச்சு ஓட்டத்தான நான் வண்டியே வாங்குனேன்?"

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் காபி கொடுத்தேன்.

முதலில் மெக்கானிக்கிடம்தான் போனார். "ஒரு மணி நேரத்துல மாட்டித் தரேன் மாமா" என்றான் அவன். மாமா கேட்டார், "கீழ ஆர்ம் போல்ட்ட எவ்ளோ முடுக்குவ?"

"கை தாங்குற மட்டும் முடுக்குவேன்."

"ஒன் கை எவ்ளோ தாங்கும்னு எங்க எழுதியிருக்கு?"

அவன் முறைத்தான். மாமா வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

பார்சலில் சாமான் வந்தது. நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சார்பர், நாற்பது பக்க ஆங்கிலப் புத்தகம். முதல் பதினோரு நாள் மாமா புத்தகத்தை மட்டும்தான் பிரித்தார். கடையில் வாடிக்கையாளர் காத்திருக்க, இவர் லென்ஸ் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பித்தது. ஸ்பிரிங்கை நசுக்கிப் பிடித்துத்தான் மாட்ட வேண்டும். பிடி நழுவினால் ஆளைத் தூக்கிவிடும் என்று ஐந்து இடத்தில் எச்சரிக்கை போட்டிருந்ததாம். மாமா கிரிக்கெட் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தெருவில் வந்து நின்று அறிவித்தார். "ஸ்பிரிங்க நசுக்குற நேரத்துல சுத்தி பதினஞ்சு அடிக்கு யாரும் இருக்கக் கூடாது!"

எங்கள் தெருவே பன்னிரண்டு அடி அகலம். அதனால் தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டோம். கீரைக்காரம்மா முனையிலேயே கூடையை இறக்கிவிட்டார். "உள்ள என்னா, பாம் செய்றாரா?" என்று என் மனைவியிடம் போனில் கேட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கினார். எல்லாரும் வெளியே வந்து பார்த்தோம். வண்டி இரண்டு அங்குலம் உயர்ந்து கம்பீரமாக நின்றது. ஆனால் வலது பக்கமாகச் சாய்ந்து நின்றது. பக்கத்து வீட்டுச் சுவரில் காது வைத்து ஒட்டுக் கேட்பது போல.

"மாமா, வண்டிக்கு அந்தப் பக்கம் காது மந்தமா?" என்றார் முனைவீட்டு முந்திரி மண்டிக்காரர். பண்ருட்டியில் மண்டி வைத்திருப்பவர். தெருவில் யார் எதில் சறுக்கினாலும் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

மாமா புத்தகத்தை மறுபடி பிரித்தார். அவர் மனத்தில் விழுந்த அடி எனக்குத் தெரிந்தது. வாழ்நாளில் முதல்முறையாகப் புத்தகம் அவரைக் கைவிட்டிருந்தது. அக்கா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "பரவால்ல விடுங்க, நான் ரயில்லயே போயிக்குறேன்" என்றார். அது ஆறுதல்தான், ஆனால் மாமாவுக்கு அது இன்னொரு அடி.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு என் கதவு இடிபட்டது. மாமா புத்தகத்தை என் மூக்கு வரை கொண்டுவந்து நீட்டினார். "பதினாலாம் பக்கம் பாரு மச்சான். படத்துல ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கு?"

இடது பக்கம் இருந்தது.

"எழுதுன ஊர்ல டிரைவர் இடது பக்கம் ஒக்காருறான்! அதனாலதான் டிரைவர் எடையத் தாங்குற நீளமான ஸ்பிரிங்க இடது பக்கம் போடச் சொல்லியிருக்கான். நம்ம ஊர்ல மாத்திப் போடணும். புத்தகத்து மேல தப்பே இல்ல!"

பெற்ற பிள்ளை திருடவில்லை என்று நிரூபணமானது போல அப்படி ஒரு சந்தோஷம். உடனே அந்தக் கம்பெனிக்கு, பதினாலாம் பக்கத்தில் சேர்க்க வேண்டிய வரியை அவரே எழுதி மின்னஞ்சல் அனுப்பினார். நன்றி என்று பதில் வந்ததை அச்செடுத்துப் புத்தகத்திலேயே ஒட்டிவைத்தார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஹெல்மெட், மறுபடி தெரு அடைப்பு. ஸ்பிரிங்குகள் பக்கம் மாறின. வண்டி நேராக நின்றது. நான் கைதட்டினேன். மாமா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னும் முடியல. கடைசிப் பக்கம் இருக்கு."

கடைசிப் பக்கத்தில் இருந்தது இதுதான். சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஆர்ம்களின் முனையில், போல்ட்டைச் சுற்றி ரப்பர் புஷ் இருக்கும். வண்டி அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முடுக்கினால், தரையில் இறக்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். ஆகவே சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டியில் வழக்கமாகப் போகிறவர்களின் எடை ஏறியிருக்கும்போதுதான் இறுதியாக முடுக்க வேண்டும். எந்த மெக்கானிக்கும் இதற்காக ஆள் கூட்டி உட்கார வைத்து நான் பார்த்ததில்லை. மேனுவல் மாமா விடுவாரா?

அடுத்த ஞாயிறு காலை மண்டிக்காரரின் எலக்ட்ரானிக் தராசு தெருவுக்கு வந்தது. வண்டியின் நடு வரிசையில் உட்கார நான் தேர்வானேன். பின்னால் மண்டிக்காரரே ஏறினார், கிண்டல் பண்ண வசதியான இடம் என்று. டிரைவர் சீட்டில் மாமாவின் எடைக்கு அரிசி மூட்டை. மிச்சம் முன்சீட்டு. அக்காவின் சீட்டு.

முதல் நாளே மாமா மனைவியிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "நீ என்னா வெயிட்டு இருப்ப?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"புஷ்ஷுக்கு."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ராத்திரி வரை பேச்சில்லை.

எனவே மாமா கண்ணளவில் ஒரு கணக்குப் போட்டார். மண்டிக்காரர் பண்ருட்டியிலிருந்து இறக்கியிருந்த பலாப்பழங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு முன்சீட்டில் அடுக்கினார். ஐந்து சீட்டில், இரண்டு கால் வைக்குமிடத்தில். ஆக ஏழு. எழுபத்திரண்டு கிலோ. புத்தகத்தில் போட்டிருந்தபடி சீட் பெல்ட்டும் மாட்டினார். நான்கு சக்கரத்துக்கும் அடியில் கனமான பலகைகள் போட்டு உயர்த்தியிருந்தது. மாமா ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் போனார்.

அப்போது அக்கா வாசலுக்கு வந்தார். தன் சீட்டைப் பார்த்தார். பெல்ட் போட்டுக்கொண்டு பலாப்பழங்கள் உட்கார்ந்திருந்தன.

"தம்பி, இது என்னா?"

நான் மண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டிலிருந்து மண்டிக்காரர் சொன்னார், "அதுதான் நீங்க!"

அக்கா விரல் நீட்டி எண்ணினார். கால் வைக்குமிடத்தையும் குனிந்து பார்த்தார்.

"ஏழா? நான் ஏழு பலாப்பழமா?"

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "உத்தேசமாத்தான் வச்சேன். ஜாஸ்தின்னா சொல்லு, கொறச்சுக்கலாம்."

அக்கா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நேராகப் போய்த் தராசில் ஏறினார். அறுபத்தொன்று! தெருவே பார்க்கும்படி தராசைத் திருப்பச் சொன்னார். "நல்லாப் பாருங்க. கடைசி வீட்டு வரைக்கும் தெரியுதா?"

மாமா தவழ்ந்து வெளியே வந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் கிரீஸ். "பதினொரு கிலோ ஜாஸ்தி போட்டுட்டனே!" என்று மனப்பூர்வமாக வருந்தி, ஒரு பழத்தைத் தூக்கப் போனார்.

"எல்லாத்தையும் எறக்குங்க" என்றார் அக்கா. "எனக்குப் பதிலா பலாப்பழம் ஒக்காருமா? நானே ஒக்காருறேன்."

உட்கார்ந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தச் சீட்டில் அக்கா. அடியில் ஸ்பேனர் டக் டக் என்று ஒவ்வொரு போல்ட்டாக அளவோடு முடுக்கியது. நாற்பது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. மாமா அடியிலிருந்து வெளியே வந்ததும் முன்சீட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இருந்தது. பின்னொரு நாள் நான் கேட்டேன், "வேணும்னுதான ஏழு பழம் வச்சீங்க?" சத்தியமாக இல்லை என்றார். அவருக்குச் சூது தெரியாது, நான் நம்புகிறேன்.

அக்கா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "சிதம்பரம் வரைக்கும் வருவேன். இடுப்பு வலிச்சா அங்கயே எறங்கி ஆட்டோ புடிச்சுருவேன். தம்பி, நீயும் வா. நடுவழியில எறங்குனா துணைக்கு ஆள் வேணுமில்ல?"

அலைன்மென்ட் பார்த்து முடித்து, வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். மாமா ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்திருந்தார். கடலூர் முதுநகர் தாண்டி ஒரு வேகத்தடை வந்தது. ஏறி இறங்கினோம். மாமா ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோடு வேலை நடக்கும் இடங்களில் ஜல்லி மேலும் பள்ளத்திலும் போனோம். வண்டி குலுங்கியது, ஆனால் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

சிதம்பரம் வந்தது. ஆட்டோக்கள் நின்ற இடத்தில் மாமா வண்டியை ஓரங்கட்டினார். கியரை நியூட்ரலில் போட்டார். நேராகப் பார்த்தபடியே கேட்டார்.

"எறங்குறியா?"

அக்கா ஆட்டோக்களைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்து ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"ஏன், வண்டி நல்லாத்தான போவுது? ஓட்டுங்க."

மாமாவின் காது சிவந்துவிட்டது. நான் பின்சீட்டில் இருந்ததால் நன்றாகத் தெரிந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு இண்டிகேட்டர் போட்டு, பின்னால் பார்த்து, மிகச் சரியாக வண்டியை எடுத்தார்.

குமராட்சி ரோட்டில்தான் பழைய சங்கதியெல்லாம் நடந்தது. இந்தத் தடவையும் பள்ளங்கள் அங்கேயேதான் இருந்தன. பாதி வழியில் முன்சீட்டிலிருந்து சத்தமில்லை என்று எட்டிப் பார்த்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை சீட்டில் சாய்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் இதமாக ஆடியது.

ஊர் வந்தது. வாசலில் பந்தல், மைக்செட், ஆரத்தித் தட்டோடு பெண்கள். அக்காவின் தம்பி "வாங்க மச்சான்!" என்று ஓடிவந்தார். மாமா ஜன்னல் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, வாயில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாத. தூங்குறா."

பாட்டு நின்றது. ஆரத்தித் தட்டு நின்றது. கல்யாண வீடே கிசுகிசுப்பில் இறங்கியது. ஏ.சி. நின்றால் விழித்துவிடுவார் என்று மாமா எஞ்சினை அணைக்கவில்லை, சீட்டை விட்டு இறங்கவுமில்லை. ஜன்னல் வழியாக வந்த காபியைச் சத்தம் வராமல் குடித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இவரைத்தானா இத்தனை வருஷம் நாம் கேலி பண்ணினோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் ஆனது. என் இடது கால் சுத்தமாக மரத்துப்போய்விட்டது. கதவைத் திறந்து இறங்கியிருக்கலாம். நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.