மிதிப்பதல்ல, மதிப்பதே

மனித குலம் சக்கரத்தை ஒரே ஒரு முறைதான் கண்டுபிடித்தது. அன்று முதல் அது கேட்பாரற்றுச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பிடித்து நிறுத்தி, துடைத்து, எண் ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டி, உரிய மரியாதையைச் செய்தவர்கள் நாங்கள்தான். நாங்கள் என்றால், தொல்மிதிவண்டிப் பேரவை.

நான் அதன் செயலாளர். அறுபது மிதிவண்டிகள், முப்பத்திரண்டு உறுப்பினர்கள், பதினான்கு விதிகள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூடுவோம். எல்லோரும் காரில் வந்துவிடுவார்கள். மிதிவண்டிகளைத் தெருவில் அலையவிடக் கூடாது என்பது விதி நான்கு.

எங்கள் தலைவர் ஒரு பல் மருத்துவர். முப்பது வருடமாக ஊரார் பல்லில் கறை எடுத்தவர், மிதிவண்டியில் மட்டும் ஒரு பொட்டுத் துருவை எடுக்க விடமாட்டார். அது துரு அல்ல, 'காலப்பூச்சு'. "சைக்கிளை எவன் வேணா மிதிப்பான் சார், மதிக்கத்தான் ஆள் வேணும்" என்பார். அதைச் சுருக்கி 'மிதிப்பதல்ல, மதிப்பதே' என்று வாசகமாக்கி வாசலில் எழுதிவைத்தது அடியேன்.

இப்படிப்பட்ட தலைவர் ஒருநாள் காலை என் வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றியவர் உள்ளே வரவில்லை. போய்ப் பார்த்தால், மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு சைக்கிள்.

"செயலாளரே, இது யார் வண்டி?"

"சிஸ்டர் வண்டி, டாக்டர். மாமாவுக்குக் கட்டு மாத்த வருவாங்க."

"எவ்வளவு நாளா வருது?"

"நாலு வருஷமா."

"நாலு வருஷமா இது உங்க வாசல்ல நிக்குது. நீங்க உள்ள உக்காந்து பேப்பர் படிச்சிருக்கீங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது எழுபது வருடத்துக்கு முந்தைய பெண்கள் வண்டி. கம்பி பிரேக், முழுச் செயின் கவர், முகப்பில் இறக்கை விரித்த பறவை. உலகத்தில் இதுபோல் பத்துகூட இருக்காது என்றார். பின்னால் கேரியரில் மருந்துப் பை கட்டியிருந்ததைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் மாமனாருக்கு இடது காலில் சர்க்கரைப் புண். வீடு வீடாகப் போய்க் கட்டுப் போடும் அந்த நர்ஸ், தினமும் ஒன்பது மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். நான் மாற்றலாம் என்றால் ரத்தம் கண்டால் எனக்குத் தலை சுற்றும். என் மனைவி ஒருமுறை மாற்றிப் பார்த்தாள். மறுநாள் சிஸ்டர் அதைப் பிரித்துவிட்டு, "அம்மா, இது கட்டு இல்ல, பார்சல்" என்றார். அதோடு அவளும் விட்டுவிட்டாள்.

தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சிஸ்டர், இந்த வண்டியைப் பேரவைக்குக் கொடுத்துடுங்க. பதிலுக்கு உங்களுக்கு ஒரு நவீன சைக்கிள். சாதாரண சைக்கிள் இல்ல, உங்க கனவு சைக்கிள்."

சிஸ்டர் யோசித்தார். வண்டி அவருடைய அத்தை ஓட்டியது. ஆனாலும் கனம். மேட்டில் மிதித்தால் முழங்கால் கெஞ்சும்.

"எப்ப கிடைக்கும் டாக்டர்?"

"அடுத்த வாரம்."

"அப்ப சரி. எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். லேசா இருக்கணும். முன்னாடி ஒரு கூடை, பின்னாடி கேரியர். பெல் அடிச்சா கேக்கணும். அவ்வளவுதான்."

நானும் தலைவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாவம், கனவு காணவும் ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. அந்தத் தகுதி உள்ளவர்களைக் கொண்டு மறுநாளே 'கனவு மிதிவண்டித் தேர்வுக் குழு' அமைக்கப்பட்டது. பழைய வண்டி மண்டபத்துக்கு வந்து, மெத்தை விரித்த மேடையில் ஏறி, காட்சிப்பொருள் எண் 61 ஆயிற்று. கூடவே வந்த காற்றடிக்கும் பம்பு 61-அ.

குழுவின் முதல் கூட்டம் ஒரே கேள்வியில் முடிந்தது: 'நவீனம்' என்றால் என்ன? காற்றடைத்த டயர் வந்த அன்றே மிதிவண்டியின் வீழ்ச்சி தொடங்கிவிட்டது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வாதாடினார். அதன்படி பார்த்தால் எங்கள் அறுபத்தொன்றில் ஐம்பத்தெட்டு வண்டிகள் நவீனமாகிவிடும் அபாயம் இருந்ததால், கேள்வி துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது.

இரண்டாவது கூட்டத்தில் 'கியர்' பேசினார். கியர் என்பது பட்டப்பெயர். கட்டட ஒப்பந்தக்காரர். பேச ஆரம்பித்தால் கியர் மாற்றுவாரே தவிர பிரேக் போடமாட்டார். ஒன்பது கியரா பதினொன்றா என்று இரண்டரை மணி நேரம் விளக்கினார்.

"அந்தம்மா போற வழியில ஒரே ஒரு மேடுதான் இருக்கு" என்று நான் நினைவூட்டினேன்.

"சார், மேட்டைப் பாத்து சைக்கிள் வாங்கறவன் சராசரி மனுஷன். சைக்கிளுக்கு ஏத்த மேட்டைத் தேடிப் போறவன்தான் ரசிகன்."

கைதட்டல் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

இப்படி மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று கூட்டங்கள் சிறப்பாக நடந்தேறின. ஒரு கூட்டம் முழுக்க நிறத்துக்கே போயிற்று. சாம்பலா, வெண்சாம்பலா என்று வாக்கெடுத்ததில் இரண்டுக்கும் சம ஓட்டு. தலைவர் தன் ஓட்டைக் கருஞ்சாம்பலுக்குப் போட்டார்.

இதற்கிடையில் சிஸ்டர் நடந்துகொண்டிருந்தார். சைக்கிளில் பதினோரு வீடு போனவர், நடையில் எட்டு வீடுதான் போக முடிந்தது. அந்த வரிசையில் எங்கள் வீடு கடைசிக்குப் போயிற்று. ஒன்பது மணிக் கட்டு பதினொன்றாகி, பிறகு மதியம் இரண்டாகி, மூன்றாம் மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது. மாமனார் குணமானவர். "மாப்ளே, உங்க கமிட்டி எந்த மட்டுல இருக்கு?" என்று தினமும் கேட்பார். "வேகமா போகுது மாமா" என்பேன். அவர் காலை நகர்த்தி வைத்துக்கொள்வார்.

ஐந்தாம் மாதம் அவர் பெருவிரல் கறுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். இன்னும் சில வாரம் இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டிவரும், தினமும் தவறாமல் கட்டு மாற்றியாக வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கதவைச் சாத்தினாள்.

"என்னங்க, உங்க சங்கத்துல ஒரு சைக்கிள் தேர்ந்தெடுக்க எத்தனை மாசம் ஆகும்?"

"இது பேரவை. சங்கம் இல்ல."

"சரி, பேரவை. எங்கப்பாவுக்கு ஒரு விரல் போனா, அதுக்கு என்ன நம்பர் ஒட்டுவீங்க?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அடுத்த கூட்டத்தில் துணிந்து எழுந்தேன். புது வண்டி வரும்வரை எண் 61-ஐ சிஸ்டருக்கே தற்காலிகமாகத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"செயலாளரே, ரோட்டுல விட்டா என்ன ஆகும்னு தெரியுமா?"

"என்ன ஆகும் டாக்டர்?"

"ஓடும்."

"ஓடினா என்ன டாக்டர்?"

"ஓடினா தேயும். நாளைக்கு வரலாறு நம்மளைக் கேக்கும். உங்க மாமனார் மேல எனக்கும் அக்கறை இருக்கு. வேணும்னா பேரவை சார்புல ஒரு நலம் விசாரிப்புக் கடிதம் அனுப்பலாம்."

கடிதம் ஒருமனதாக நிறைவேறியது. திருத்தம் ஒன்றே ஒன்று: 'விரல்' என்ற சொல்லுக்கு முன் 'மதிப்பிற்குரிய' சேர்க்கப்பட்டது. என் தீர்மானத்தை நான் திரும்பப் பெற்றேன். நெஞ்சு உருகத்தான் செய்தது. ஆனால் உருகிய நெஞ்சைக் குறிப்பேட்டில் ஏற்ற விதி இல்லை.

ஏழாம் மாதம் வெற்றி கிட்டியது. கனவு மிதிவண்டி வந்து சேர்ந்தது. அறிமுக விழாவுக்கு முப்பத்திரண்டு பேரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். சிஸ்டரும் இரண்டு வீட்டை விட்டுவிட்டு வந்திருந்தார். தலைவர் திரையை விலக்கினார். கருஞ்சாம்பல் நிறம். சுண்டுவிரலில் தூக்கலாம். ஒல்லி டயர். கத்தி உறை போல ஒரு சீட். மண்டபமே பெருமூச்சு விட்டது.

சிஸ்டர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"டாக்டர், கேரியர்?"

"கனம் கூடும்னு எடுத்துட்டோம்."

"கூடை?"

"காத்தைத் தடுக்கும்."

"பையை எங்க வைக்கிறது?"

கியர் குறுக்கிட்டார். "மேடம், இதுல ஏறினா பை ஞாபகமே வராது."

"பெல்லையும் காணோமே."

"இந்த வேகத்துல போறவங்க பெல் அடிக்கக் கூடாதும்மா. மத்தவங்க ஒதுங்கணும்."

"நான் உள்ள போய்க் கட்டுப் போடறப்ப இதை எப்படி நிறுத்தறது? ஸ்டாண்டு இல்லையே."

"இது நிக்கறதுக்குப் பண்ண வண்டி இல்ல" என்றார் தலைவர், பெருமையோடு. "யாராவது ஒருத்தர் பிடிச்சுக்கணும்."

"பெடல்ல கால் வழுக்குதே டாக்டர்?"

"அதுக்குத் தனி ஷூ இருக்கு. கால் பெடலோட மாட்டிக்கும்."

"இறங்கணும்னா?"

"அதுக்குப் பயிற்சி இருக்கு."

சிஸ்டர் சீட்டை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு. நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தார். எண் 61-ஐச் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தார். 61-அ-வை எடுத்து முன் சக்கரத்தில் மாட்டி, புஸ் புஸ் என்று காற்றடிக்கத் தொடங்கினார்.

அந்த மண்டபத்தில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. குழந்தைகள் ஓடிவந்து சுற்றி நின்றுகொண்டன. விழாவில் இது ஒரு நிகழ்ச்சி போலிருக்கிறது என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். பின் சக்கரம் முடிந்தது. பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி எடுத்து, செயின் கவரின் மூடியைத் திறந்து நாலு சொட்டு விட்டார். தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர்! கையுறை போடாம..."

"கையுறை கட்டுப் போடறப்ப போடுவேன் டாக்டர்."

வண்டியை இறக்கி, முப்பத்திரண்டு குடும்பங்களின் நடுவே தள்ளிக்கொண்டு போய், வாசற்படி தாண்டி ஏறி மிதித்தார். தெருமுனை திரும்பும்போது பெல் சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதன் மறுநாளும் வந்தார். அவர் உள்ளே இருக்கும்போது வண்டிக்குப் பூட்டுப் போட்டுவிடும்படி தலைவர் எனக்கு எழுத்துபூர்வமாக உத்தரவிட்டார். பூட்டோடு வாசலுக்குப் போனேன். என் மனைவி அங்கே நின்றிருந்தாள்.

"கை வெச்சுப் பாருங்க. மெத்தை விரிச்சு, கயிறு கட்டி, உங்களை நான் நிக்க வெச்சிடறேன்."

பூட்டைப் பேரவையிடம் திருப்பி ஒப்படைத்தேன். ஆறு வாரத்தில் மாமனாரின் விரல் கறுப்பு மாறித் தோல் கட்டியது. "மாப்ளே, கமிட்டி முடிஞ்சுதா? நல்லதாப் போச்சு" என்றார்.

ஆனால் பேரவைக்குத் தன்மானம் உண்டு. நானும் தலைவரும் காவல் நிலையம் சென்றோம். பதிவு மேஜையில் இருந்த காவலர் பொறுமைசாலி. காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"என்ன காணாம போச்சு?"

"காணாம போகல சார். தினமும் காலையில ஒன்பது மணிக்கு எங்க வீட்டு வாசல்லதான் நிக்கும்."

"சேதம் ஏதாவது?"

"நிறைய சார்" என்றார் தலைவர். "துருவெல்லாம் போயிடுச்சு. செயின் வழுவழுன்னு ஓடுது."

காவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். "எடுத்துட்டுப் போறப்ப நீங்க எத்தனை பேர் இருந்தீங்க?"

"குடும்பத்தோட ஒரு நூறு பேர்."

"அங்க வேற சைக்கிள் எதுவும் இல்லையா?"

"அறுபது இருக்கு சார். புதுசு ஒண்ணு."

"நூறு பேர், அறுபத்தோரு சைக்கிள். ஒருத்தர்கூட ஏறித் துரத்தலையா?"

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் சைக்கிள் கற்றுக்கொள்ளவில்லை என்பதை ஒரு காவலரிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? பதிலுக்குத் தலைவர் ஏழு மாதக் கதையை முதலிலிருந்து சொன்னார்.

"சரி, அந்தம்மாவுக்குக் கொடுக்கறதா சொன்ன புது வண்டி?"

"கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கோம்."

"ஏன்?"

"அதுவும் ஒருநாள் பழசாகும் இல்லையா சார்?" என்றேன்.

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. மளமளவென்று எழுதினார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். தலைவர் தன் புகழ்பெற்ற நீண்ட கையெழுத்தைப் போட்டார். நானும் செயலாளர் என்ற முறையில் முத்திரை வைத்துக் கையெழுத்திட்டேன். ஒரு நகல் தந்தார்.

வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தேன். பறிகொடுத்தவர்: வீடுகளுக்குச் சென்று கட்டுப்போடும் நர்ஸ். பறித்தவர்கள்: தொல்மிதிவண்டிப் பேரவையினர். பொருள்: சைக்கிள் ஒன்று, ஏழு மாத காலம். தற்போதைய நிலை: உரியவர் தாமே மீட்டுக்கொண்டார். மேற்கண்டவை அனைத்தும் உண்மை என ஒப்புக்கொள்கிறோம்.

எங்கள் பேரவை வரலாற்றில் ஒரே அமர்வில், ஒரு திருத்தமும் இன்றி, ஒருமனதாக நிறைவேறிய ஆவணம் அது ஒன்றுதான்.