ஹால் சுவருக்கு நான் பெயிண்ட் அடித்த விவகாரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

நீங்களும் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இருப்பீர்கள், நான் அங்கே இல்லையே. இங்கே உங்கள் அக்காவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, என்னோடு பேச்சுதான் இல்லை. மகள் டாக்டர் பட்டம் வாங்கி மூன்று மாதம் ஆகிறது, புதன்கிழமையிலிருந்து அவளும் பேசுவதில்லை. போனில் சொல்லலாமென்றால், இந்த வீட்டில் சமையலறையில் தும்மினால் மாடியில் கேட்கும். ஆகவே கடிதம்.

விஷயம் இதுதான். அவளுக்கு இரண்டு வேலை வந்திருக்கிறது. ஒன்று, இங்கேயே, அவள் படித்த பல்கலைக்கழகத்தில். இரண்டு வருடம் ஆராய்ச்சி, அதற்கப்புறம் 'பார்க்கலாம்'. "எனக்கும் பதினோரு வருஷமா பாக்கலாம்னுதான் சொல்றாங்க" என்று அவளுடைய பேராசிரியர் பெருமையாகச் சொன்னார். இன்னொன்று, ஒரு நாள் ரயில் பயணத்தில் இருக்கிற பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடம். நிரந்தர வேலை, தனி அறை, கதவில் பெயர். நான் இரண்டு பக்கமும் சாயவில்லை. "உன் இஷ்டம்மா" என்றுதான் சொன்னேன். அந்த ஊரில் தண்ணீர் சரியில்லை, முடி கொட்டும் என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

ஈரச் சுவரில் பெயிண்ட் ஏன் உரிகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி என்று உங்களுக்குத் தெரியும். நம் ஹால் சுவரைத்தான் அதற்கு நேர்ந்துவிட்டிருந்தோம் என்பது தெரியுமோ என்னவோ. நாலு வருடமாக அது உரிந்துகொண்டே வந்தது, அவளும் வாரா வாரம் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிக்கொண்டே வந்தாள். பட்டம் வாங்கியும் விடவில்லை, பல்கலைக்கழகத்தில் அடுத்த இரண்டு வருட ஆராய்ச்சிக்கும் இதே சுவர்தானாம். அதில் ஒரு ஆணி அடிக்க எனக்கு உரிமை கிடையாது. வருகிறவர்களெல்லாம் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். சரி, படிப்புக்காக என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை கம்பெனி மேனேஜர் கம்ப்யூட்டரில் அவளோடு பேசுவதாக ஏற்பாடு. அவள் நாற்காலியைக் கொண்டுபோய் அந்தச் சுவரை ஒட்டியே போட்டாள், அங்கேதான் இணையம் நன்றாக வருமாம். நீங்களே சொல்லுங்கள், பெயிண்ட் கம்பெனிக்காரர் முதல் முதலாகப் பார்ப்பது உரிந்த சுவரையா? நான் முப்பது வருடம் தீயணைப்பு வண்டியில் போனவன். மணி அடித்தால் ஓட வேண்டும், எங்கே என்ன என்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம், அதுதான் என் பழக்கம். அவள் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் தகட்டால் சுரண்டினேன், சுரண்டியும் வராததை விட்டுவிட்டேன், ஓதம் காயக் காத்திருக்காமல் ரோலரை ஓட்டிவிட்டேன். இளநீல நிறம். அவள் உடனே கண்டுபிடித்துவிடக் கூடாதென்று ஜன்னலை மூடித் திரையையும் இழுத்துவிட்டேன். அவளுக்கு அன்று ஜலதோஷம், வாசனை தெரியவில்லை. அவசரமாக வந்தாள், உட்கார்ந்தாள், பேசினாள். மேனேஜர் ஏதோ சொல்ல, சிரித்தபடி பின்னால் சாய்ந்தாள். நிமிர்ந்தபோது உள்ளங்கை அகலத்துக்கு நம் சுவர் அவள் தலைமுடியோடு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். முழுச் சுவரையும் பார்த்தாள். "நாலு வருஷம்பா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பேராசிரியர் வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி கைகட்டி நின்று, "ஓரமா கொஞ்சமாவது மிச்சம் இருக்கா சார்?" என்று கேட்டார். சுவிட்சுப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு விரல் அகலம் தப்பியிருந்தது. அதை அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆக, அவளுடைய பல்கலைக்கழக வழியை நானே பூசி மெழுகி அடைத்துவிட்டேன். இனி அவள் கம்பெனிக்குப் போவதுதான் நியாயம். மாமா பேச்சு என்றால் அவளுக்கு வேதவாக்கு. நீங்கள் வந்து, "யோசிக்காம கெளம்பு" என்று சொல்ல வேண்டும். எனக்கு வருத்தமா? கிடையவே கிடையாது. பேப்பரில் யார் முதலில் எந்தப் பக்கம் படிப்பது என்று சண்டை போட ஆளிருக்காது. அது ஒரு பெரிய விஷயமா?

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசிகள். எல்லோருடைய வீட்டுச் சுவரும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் நேற்று எழுதியது. அத்தனையும் ரத்து. இன்று காலை கவர் கேட்கப் போனபோது உங்கள் அக்கா வாய் திறந்தாள். "அவ போன வாரமே இங்கேயே இருக்கிறதா முடிவு பண்ணிட்டா. கம்பெனிக்கு வரலைன்னு மரியாதையா சொல்றதுக்குத்தான் அன்னிக்குப் பேசினா. நீங்க பண்ணின கூத்தைக் கேட்டுட்டு அந்த மேனேஜர், 'உங்க அப்பா மாதிரி பெயிண்ட் அடிச்ச வீடு ஆயிரம் காட்டறேன், வந்து ஆராய்ச்சி பண்ணுங்க'ன்னுட்டார். சுவர் போனாலும் இங்க வேலை போகலை, ஆனா இப்ப அவளுக்கு அங்க போக ஆசை வந்திருச்சு. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம்" என்றாள். உடனே புறப்பட்டு வாருங்கள். போகாதே என்று சொல்லுங்கள். நான் இனிமேல் சொல்ல முடியாது. உங்கள் அக்காவிடம் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் மகளிடம் பெருந்தன்மையாக, "என்னைப் பத்தி நினைக்காதே, தாராளமாப் போம்மா" என்று சொல்லித் தொலைத்தேன். புதன்கிழமைக்கு அப்புறம் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்து, "சரிப்பா" என்றாள்.