கத்திரியில் நின்ற கல்யாணம்

திருப்பாதிரிப்புலியூர்,
மே 2012

மதிப்பிற்குரிய மச்சான் செம்பியன் அவர்களுக்கு, தங்கள் தங்கை செல்லாயியின் கணவன் தட்சிணாமூர்த்தி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு வெயில் மட்டும்தான் சௌக்கியம். அங்கு சிதம்பரத்தில் தாங்களும் அக்காவும் எப்படியிருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

மச்சான், நம் சிந்துஜாவின் கல்யாணம் நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான். நீங்கள் பார்த்துச் சொன்ன சம்மந்தி சுப்பராயலு எப்பேர்ப்பட்ட சாந்தமான மனிதர்! மாசிப் பனியில் பெண் பார்க்க வந்தபோது அவர் வேட்டியில் நான் சுடச்சுடக் காப்பியைக் கொட்டியும், "பரவால்லங்க, குளுருக்கு எதமா இருக்கு" என்று சிரித்தவர். அதே மனிதர் நேற்று முகூர்த்தத் தேதி குறிக்க வந்தார். கத்திரி வெயில். தானே புயலில் வாசல் வேப்பமரம் சாய்ந்ததிலிருந்து வீடே சுண்ணாம்புக் காளவாய். அவர் உட்கார்ந்ததும் கரண்டும் போய்விட்டது. வீட்டிலிருந்த ஒரே விசிறியை மரியாதைக்காக அவரிடம் கொடுத்தேன். விசிறினார், விசிறினார், விசிறிக்கொண்டே இருந்தார். எனக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. "கொஞ்சம் இப்பிடியும் வீசுங்களேன்" என்றேன். அவ்வளவுதான்.

"பொண்ணு குடுக்கற வூட்ல ஒரு இன்வெர்ட்டர் இல்ல, பேச்சப் பாரு!"

"ஒம் புள்ள வந்து வாங்கி மாட்டட்டுமே!"

மச்சான், இதைச் சொன்னது நான்! பஸ் கண்டக்டரைக்கூட 'சார்' என்று கூப்பிடுகிறவன்! வாய் என்னுடையது, பேச்சு யாருடையதோ தெரியவில்லை. அவர் விசிறியை வீசி எறிந்தார். "இந்தக் கல்யாணமே வேணாம்யா" என்று கத்திவிட்டேன். செல்லாயி பாயசக் கிண்ணத்தோடு சிலையாக நின்றாள். அவர் செருப்பை மாட்டும்போது கரண்ட் வந்து ஃபேன் சுற்றியது. அதன் கீழே உட்காரத்தான் ஆளில்லை. அறைக்குள் போன சிந்துஜா இன்னும் கதவைத் திறக்கவில்லை. ஆகவே தாங்களே சுப்பராயலு வீட்டுக்குப் போய், சம்மந்தம் முறிந்ததை முறைப்படி சொல்லிவிட வேண்டுகிறேன். போகும்போது குடை எடுத்துக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
இடிந்துபோயிருக்கும்
தட்சிணாமூர்த்தி

பி.கு.: கவரை ஒட்டப் போகையில் இடி இடித்து மழை கொட்டுகிறது. செல் அடித்தது. சுப்பராயலு!

"சம்மந்தி, அங்க மழையா?"

"செம மழைங்க. அங்க?"

"இங்கயும்தான். நேத்து வெயில் கொஞ்சம் ஜாஸ்திங்க."

"ரொம்ப ஜாஸ்திங்க."

இருவரும் சிரித்துவிட்டோம். சிந்துஜா கதவைத் திறந்து வந்து, "தையில வைங்கப்பா. அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் நேர்ல பாத்துக்காதீங்க" என்றாள். வேறு தாள் இல்லை. ஆகவே மேலே உள்ளதைப் படிக்காமல் இங்கிருந்து படிக்கத் தொடங்கவும்.