டொம் மாஸ்டர் பெண் பார்த்த படலம்

தாம்பரத்தில் ஆரம்பித்துக் கன்னியாகுமரி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும், டொம் மாஸ்டருக்கு இருந்ததைப் போல இன்னொரு ஜோடிக் காது கிடைக்காது. நமக்கெல்லாம் பாட்டு என்றால் பாடுகிறவன் காதில் விழுவான். அவருக்கு விழமாட்டான். மேடையில் எல்லோருக்கும் பின்னால், கல்யாண வீட்டில் செருப்புக்குக் காவல் நிற்கிறவன் போல ஒருவன் நின்றுகொண்டு, நாலே நாலு தடித்த தந்தியை 'டொம் டொம்' என்று தட்டிக்கொண்டிருப்பானே, பேஸ் கிடார்காரன், அவன் மட்டும்தான் விழுவான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் தமிழாசிரியர், அவர் பூகோள வாத்தியார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரே வீட்டின் இரண்டு போர்ஷன்களில் குடியிருந்தோம். நடுவில் இருந்த சுவர் பார்வைக்குத்தான், சத்தத்துக்கு இல்லை. அவருக்குச் சர்ச்சில் வைத்த அழகான பெயர் ஒன்று உண்டு. பையன்கள் டொம் என்றார்கள், ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

மூர் மார்க்கெட்டில் அட்டை போன, கீறல் விழுந்த இங்கிலீஷ் இசைத்தட்டுகளை வாங்கி வருவார். அட்டை இல்லாததால் வாசிக்கிறவன் பெயர் தெரியாது. அதனாலென்ன, இவரே பெயர் வைத்துவிடுவார். அப்படி ஞானஸ்நானம் பெற்றவர்கள் மூன்று பேர்: பூனைக்கால், தண்டவாளம், தாத்தா. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"தமிழய்யா! இது யாரு, சொல்லுங்க பார்ப்போம்?"

"டொம் டொம்னு கேக்குது மாஸ்டர்."

"ஐயோ, டொம்முல எத்தனை டொம் இருக்கு தெரியுமா? இது பூனைக்கால். விரல் நுனியால வருடறான். வெச்சிருக்கறது உள்ளே காலியான கிடார். அதான் சத்தம் குடத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி வருது. தண்டவாளத்தோடது ஒரே பலகை, கெட்டி மரம். அவன் விரலே வைக்கமாட்டான். பிளாஸ்டிக் வில்லையால சுண்டறான். ணங்குனு இல்ல விழும்? தந்தியும் புத்தம் புதுசு."

"அப்ப தாத்தா?"

குரலில் பக்தி வந்துவிடும். "தாத்தா கட்டைவிரல் மட்டுந்தான். ஒரு பாட்டுக்குப் பத்து சுரம் வாசிச்சா அதிகம். ஆனா விழ வேண்டிய எடத்துல விழும். தந்திய மாத்திப் பல வருஷம் ஆயிருக்கும். அதுல ஏறின அழுக்குலயே ஒரு கனம் இருக்கு, பாருங்க."

ஒருநாள் வாய் தவறி, "எல்லாம் ஒண்ணுதானே மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டேன். வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. ஸ்டாஃப் ரூமில் என்னைப் பார்த்தால் உலக உருண்டைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார்.

மனிதர்களையும் இப்படித்தான் தரம் பிரிப்பார். ஹெட்மாஸ்டர் தண்டவாளமாம். வாட்ச்மேன் தாத்தாவாம். "உங்க வீட்டம்மா பூனைக்கால், தமிழய்யா. திட்டறதே வெளியே தெரியல. ஆனா வீட்டுல எல்லாம் டயத்துக்கு நடக்குது" என்றார். என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போகும். அந்தக் கிண்ணத்தில் எனக்கு வரவேண்டிய நடுத்துண்டும் போகும்.

இப்படி நிம்மதியாக இருந்த இடத்தில்தான் திருநெல்வேலியிலிருந்து அவருடைய அம்மா வந்து இறங்கினார்.

"நான் கண்ண மூடுறதுக்குள்ள இவன் கழுத்துல ஒரு மாலையப் பாத்துரணும்யா. வயசு முப்பத்தஞ்சு ஆவுது. நீங்கதான் கூட நின்னு பேசணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒரு நிபந்தனைதான் போட்டார். "கறுப்பு, சிவப்பு, படிப்பு, நகை எதுவும் நான் கேக்கமாட்டேன். மூணு தட்டு போடுவேன். பொண்ணு அதுல வாசிக்கிற மூணு பேரையும் பிரிச்சுச் சொல்லணும். அவ்வளவுதான்."

"ஏன் மாஸ்டர், கல்யாணத்துக்கும் கிடாருக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் கையிலிருந்த இசைத்தட்டின் தூசியைத் துடைத்து வைத்தார். பிறகு, "உங்களுக்குக் கேக்கல, அம்மாவுக்குக் கேக்கல, இந்த ஊர்ல யாருக்குமே கேக்கல. வர்றவளுக்கும் கேக்கலேன்னா ஆயுசு முழுக்க நான் யார்கிட்டதான் பேசறது, தமிழய்யா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் பொழிச்சலூர். சூட்கேஸ் மாதிரி மூடுகிற ரெக்கார்டு பிளேயரை என் மடியில் வைத்துவிட்டு, இசைத்தட்டுகளை மாஸ்டர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்டக்டர் பார்த்தார்.

"பொட்டில இன்னா கீது சார்? கோயி கீயி வெச்சுகினு கீறியா?"

"ரெக்கார்டு பிளேயர்ப்பா. பொண்ணு பார்க்கப் போறோம்."

"பொண்ணு பாக்க பூ எத்துகினு போவாங்க, வாயப்பயம் எத்துகினு போவாங்க. பாட்டுப் பொட்டி எத்துகினு போறத இப்பத்தான் சார் பாக்கறேன்!" என்று பஸ்ஸுக்கே அறிவித்துவிட்டு, லக்கேஜ் டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்தார்.

பொழிச்சலூரில் பெண்ணின் அப்பா, இது ஏதோ இங்கிலீஷ் பரீட்சை என்று நினைத்துப் பெண்ணைக் காலையிலிருந்து படிக்க வைத்திருந்தார். மாஸ்டர் தட்டைப் போட்டு, "பேஸ் கேக்குதா?" என்றார்.

"பேஷா கேக்குது தம்பி!" என்றார் அப்பா.

மாஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நெஜமாவா? யாரு, பூனைக்காலா?"

"பூனையா? எங்க வீட்டுல பூனையே கிடையாதுங்களே" என்று அவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது.

அடுத்தது குரோம்பேட்டை. அந்தப் பெண் பொறுமையாக மூன்று தட்டையும் கேட்டுவிட்டு, "மூணும் ஒரே ஆளுதானே?" என்றாள். மாஸ்டர் காப்பியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பஜ்ஜி மேல் அவருக்கு என்ன கோபம்? அவருடைய தட்டையும் நானே முடித்தேன்.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "செம்பாக்கத்துல ஒரு பொண்ணு இருக்கு. இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் ஊருக்குப் போறேன். இனிமே உன் கல்யாணப் பேச்ச வாயில எடுக்கமாட்டேன்" என்றார். அழவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது. அவரும் எங்களோடு கிளம்பினார்.

செம்பாக்கம் ஏரியைத் தாண்டி வீடு. பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. டெலிபோன் ஆபீசில் வேலை. தலை குனிந்து நிற்கிற ரகமில்லை, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டீப்பாய் மேல் பிளேயரை வைத்து, மாஸ்டர் தன் உயிரான பூனைக்கால் தட்டைப் போட்டார். கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டு, அப்படியே சொர்க்கத்துக்குப் போய்விட்டார்.

பாட்டு முடிந்ததும் அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்: "இந்தப் பாட்டு உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமா?"

"உயிருங்க. பல வருஷமா தினம் கேக்கறேன்."

"அவன் என்ன பாடறான்?"

"யாரு?"

"பாடறவன்."

"ஓ, அவனா?" என்றார் மாஸ்டர். அப்படி ஒருவன் அந்தத் தட்டில் குடியிருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும் போலிருந்தது. என்னைப் பார்த்தார். நான் தமிழாசிரியர், மிக்சரைப் பார்த்தேன்.

"அவன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. குழந்தைக்கு ஜுரம், வெளிய மழை. டாக்டருக்குப் போன் பண்ணா லைன் கிடைக்கலையாம்" என்றாள் டெலிபோன் ஆபீஸ் பெண். "பல வருஷமா ஒருத்தன் அழுதுக்கிட்டிருக்கான். நீங்க தொடையில தாளம் போட்டுக்கிட்டிருக்கீங்க!"

உள்ளே யாரோ சிரித்தார்கள். மாஸ்டரின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். முடிந்தது கதை, பெட்டியை மூட வேண்டியதுதான் என்று நான் எழுந்தேன்.

மாஸ்டர் எழுந்திருக்கவில்லை. முள்ளை எடுத்து மறுபடியும் தட்டின் ஆரம்பத்தில் வைத்தார். இந்த முறை தாளம் போடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, கிளாஸில் புதிதாகச் சேர்ந்த பையன் மாதிரி கடைசி வரை கேட்டார். முடிந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"பாவம் தமிழய்யா" என்றார். "என் வீட்டுல ஒரு மனுஷன் இத்தனை நாள் அழுதுக்கிட்டிருந்திருக்கான். நான் என்னன்னு கூடக் கேக்கல."

 ஸ்டெல்லாவின் குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது. "சரி, நீங்க கேக்கறது எங்க இருக்கு? எனக்கு அது கேக்கவே இல்லையே" என்றாள் மெதுவாக.

இப்படி ஒரு பதிலைக் கேட்டுத்தான் மனிதர் இரண்டு வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்து வந்தவர். இப்போது, "டீப்பாய் மேல கைய வைங்க. நல்லா அழுத்தி வைங்க" என்றார்.

அவள் வைத்தாள். அவர் வால்யூமைத் திருப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் முகம் மாறியது. "ஐயோ, ஆமா! உள்ள யாரோ நடக்கறாங்க!"

"அவன்தாங்க! அவனேதான்!" என்று மாஸ்டர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவரும் டீப்பாயின் மறுமுனையில் கையை வைத்துக்கொண்டார்.

பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார். "தம்பி, பொண்ணு பிடிச்சிருக்கான்னு..."

"இருங்கப்பா" என்றாள் ஸ்டெல்லா, கையை எடுக்காமல். "அந்தப் பக்கத்தைத் திருப்பிப் போடுங்க, பார்ப்போம்" என்றாள் மாஸ்டரிடம்.

தட்டு திரும்பியது. மாஸ்டரின் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இரண்டு கையையும் குவித்து ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்தக் கூத்தில், யாரும் பார்க்காதபோது நானும் டீப்பாயின் ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு வழக்கம்போல ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் கையை எடுக்க மனசு வரவில்லை.