நீடித்து உழைக்கும் துளையிடு பொறி

இரும்பில் ஓட்டை போட வேண்டுமானால் ஓட்டை போடும் மெஷின் வேண்டும் என்பது லாசரின் அபிப்பிராயம். ஒத்தக்கடையில் இருந்த கைத்தொழில் எழுச்சிப் பயிற்சிக்கூடத்தில் பதினோரு வருஷம் பட்டறை ஆசிரியராகச் சம்பளம் வாங்கிய பிறகும் இந்தப் பாமரத்தனமான அபிப்பிராயத்தை அவர் கைவிடவில்லை. அதனால் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பயிற்சிக்கூடத்தின் ஒரே டிரில்லிங் மெஷின் 1982 தீபாவளி கழிந்த மூன்றாம் நாள், உள்ளே இருக்கும் காயில் என்ற செம்புக் கம்பிச்சுருள் கருகிப் போய்ச் சேர்ந்தது. கருகாமல் இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. அந்த வருஷம் மின்வெட்டு காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணிவரை. பயிற்சிக்கூடமும் காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணிவரை. இரண்டு கால அட்டவணையையும் போட்ட அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. அப்படியும் கல்யாணப் பொருத்தம்கூட இவ்வளவு கச்சிதமாக அமையாது.

மே மாதம் பரீட்சை. பத்தொன்பது பையன்களும் பரீட்சை அதிகாரியின் கண்ணெதிரே ஆளுக்கொரு இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் ஆனையூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலை நிச்சயம். லாசரோ கரும்பலகையில் மெஷின் படம் வரைந்து, இது கைப்பிடி, இது துளை போடும் முனை, பிட்டு என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தொழில் கற்றுக்கொடுக்காமல் பையன்களை வெளியே அனுப்பினால் வாங்கிய சம்பளம் திருட்டு என்று நினைக்கிற சுபாவம் அவருக்கு. அரசாங்க உத்தியோகத்துக்கு ஆகாத சுபாவம் இது.

அந்தச் சமயத்தில் அவருடைய மச்சினன் தனிஸ்லாஸ் துபாயிலிருந்து லீவில் வந்தான். வரும்போது வயர் இல்லாமல் பாட்டரியில் ஓடும் டிரில்லிங் மெஷின் ஒன்றையும் கொண்டுவந்தான். விசையை அழுத்தினான், அக்கா வீட்டு அடுப்படிச் சுவரில் நொடியில் ஓட்டை விழுந்தது. லாசருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"மாப்ள, இதுக்குக் கரண்டே வேணாமா?"

"காலையில பத்து மணிக்குள்ள சார்ஜ் ஏத்திட்டா சாயங்காலம் வரைக்கும் போதும் மச்சான். வீட்டுக்கும் ஆகும், பட்டறைக்கும் ஆகும். பெட்டியிலயே போட்டிருக்கான் பாருங்க."

அன்றைக்கே லாசர் மனு எழுதினார். நீடித்து உழைக்கக்கூடிய, மின்கம்பியற்ற துளையிடு பொறி ஒன்று உடனடியாகத் தேவை. நீடித்து உழைக்கக்கூடிய என்று ஏன் எழுதினோம் என்று பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டார். மனுவில் அழகுக்காக ஒரு வார்த்தை சேர்ப்பவன் தன் கையாலேயே தனக்குக் குழி வெட்டிக்கொள்கிறான்.

உதவி இயக்குநர் வெள்ளைத்துரை மனுவைப் படித்து மகிழ்ந்தார். தேர்வுக் குழு உடனே அமைந்தது. வெள்ளைத்துரை தலைவர். தலைமை எழுத்தர் காசிமாயனும் பண்டகக் காப்பாளர் ரெங்கம்மாளும் உறுப்பினர்கள். மூவரில் ஒருவரும் ஆயுளில் ஓட்டை போட்டவர் இல்லை என்பதால் குழுவின் நடுநிலைமையைப் பற்றி யாரும் சந்தேகப்பட முடியாது.

தனிஸ்லாஸின் மெஷினை மாதிரிக்காகக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார் லாசர். காசிமாயன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வீட்டு உபயோகத்துக்கும்னு போட்டிருக்கே. எந்த வீடு?"

"பொதுவாப் போட்டிருக்கான் அண்ணே. நமக்குப் பட்டறைக்குத்தானே வேணும்?"

"ரெண்டு உபயோகம் போட்டிருந்தா ரெண்டையும் சோதிக்கணும். நாளைக்கு ஆடிட்காரன் கேட்டா நீங்களா பதில் சொல்லுவீக?"

வீட்டு உபயோகத்தைச் சோதிக்க ஒரு வீடு வேண்டும். தலைவருக்குத் திருப்பரங்குன்றத்தில் புதுவீடு இருந்தது. பொதுநலம் கருதி அவர் அதையே அர்ப்பணித்தார். மூன்று வாரம் சோதனை நடந்தது. காலண்டருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, மாமனார் படத்துக்கு இரண்டு என்று மொத்தம் நாற்பத்தேழு ஓட்டை. ஒன்றுகூடக் கோணவில்லை. இனிமேல் மறுக்க வழியே இல்லை என்று லாசர் நம்பினார்.

குழுவின் அறிக்கை வந்தது. 'மேற்படி பொறியின் முனை, நாற்பத்தேழு துளைகளுக்குப் பின் சற்றே மழுங்கியிருப்பது கண்டறியப்பட்டது. எனவே உபயோகித்தால் தேயும் இயல்புடையது. நீடித்து உழைக்கும் தன்மை நிரூபணமாகவில்லை. நிராகரிக்கப்படுகிறது.'

"சார், மழுங்குனது பிட்டு மட்டுந்தான். அதைச் சாணை பிடிச்சுக்கலாம், இல்ல வேற மாட்டிக்கலாம்" என்றார் லாசர்.

"அப்ப தேயுதுன்னு ஒத்துக்கிறீங்க" என்றார் வெள்ளைத்துரை.

"சரி சார். மச்சினன் மெஷினையாவது திருப்பிக் குடுங்க."

"நிராகரிச்சதுக்கு அப்பீல் உண்டுல்ல? மறு ஆய்வுக்காக அது எங்க வீட்டிலேயே இருக்கட்டும்."

தனிஸ்லாஸ் லீவு முடிந்து, அக்காள் புருஷனை மனதாரத் திட்டிக்கொண்டே விமானம் ஏறினான்.

குழு ஓயவில்லை. அது ஒரு நெறிமுறை வகுத்தது. தேர்வாகும் பொறி இருபது வருஷமாவது பழுதின்றி இருந்ததற்குச் சான்று வேண்டும். அதே சமயம் புத்தம் புதிதாகவும் இருக்க வேண்டும். இப்படி ஒரு மெஷின் உலகத்தில் உண்டா என்று லாசர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது. இருந்தது. ரெங்கம்மாளின் பீரோவுக்குள்ளேயே இருந்தது.

கையால் சுற்றி ஓட்டை போடுகிற கை டிரில் அது. 1961இல் வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டியதோடு சரி. யாருக்கும் கொடுத்ததில்லை. இருபத்திரண்டு ஸ்டாக் பரிசோதனையிலும் 'நன்னிலையில் உள்ளது' என்று எழுதியிருந்தது. மேலே எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்கவில்லை. குழு ஏகமனதாக அதைத் தேர்ந்தெடுத்தது.

லாசர் துள்ளிக் குதிக்காத குறை. வயர் கிடையாது, கரண்டு வேண்டாம், பாட்டரியும் வேண்டாம். பத்தொன்பது தகட்டையும் இரண்டே நாளில் முடித்துவிடலாம். ஓடிப்போய்க் கையை நீட்டினார்.

"குடுங்கம்மா, பையன்க காத்திருக்காங்க."

ரெங்கம்மாள் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எதுக்கு?"

"ஓட்டை போடத்தான்."

"போட்டா முனை மழுங்குமா மழுங்காதா?"

"கொஞ்சம் மழுங்கும்."

"அப்புறம் எங்கிட்டு லாசர் சார் நீடிச்சு உழைக்கும்? அம்புட்டுப் பேரும் உக்காந்து தேர்வு செஞ்சத ஒரே நாள்ல கெடுக்கப் பாக்குறீகளே!"

அந்த வாதத்தில் ஓட்டை போடவும் ஒரு மெஷின் தேவைப்பட்டது.

பரீட்சை நாள் வந்தது. மேஜையில் பத்தொன்பது தகடுகள், கண்ணாடி மாதிரி வழவழவென்று. பரீட்சை அதிகாரி சென்னையிலிருந்து வந்தவர். திரும்பிப் போக ரயில் பிடிக்கும் அவசரத்தில், பையன்களைப் போட்டுக் காட்டச் சொல்ல அவருக்கு நேரமில்லை. லாசர் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் காசிமாயன் மதிப்பெண் தாளை நீட்டினார். அதில் இருந்த கட்டங்கள் எல்லாம் கழிப்பதற்கானவை. துளை கோணியிருந்தால் இருபது மார்க் கழிக்க வேண்டும். அளவு தப்பினால் இருபது. விளிம்பில் பிசிறு இருந்தால் பத்து. துளையே இல்லாவிட்டால் எத்தனை கழிப்பது என்று அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அதிகாரி தகடுகளைத் தடவிப் பார்த்தார். கோணல் இல்லை. அளவுப் பிழை இல்லை. பிசிறு அறவே இல்லை. "இத்தனை சுத்தமான வேலையை நான் பார்த்ததே இல்லை" என்று எழுதி, பத்தொன்பது பேருக்கும் நூற்றுக்கு நூறு போட்டார். பட்டறை ஆசிரியரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

லாசருக்குக் கை எழவில்லை. வாசலில் நின்ற அழகம்மாள் உள்ளே வந்துவிட்டாள். புருஷன் இல்லாதவள், மூத்த மகன் நல்லகாமன் அந்தப் பத்தொன்பது பேரில் ஒருவன்.

"போடுங்க சார். எம் பிள்ளை வயித்துல அடிச்சிராதீக."

"அவனுக்கு ஓட்டை போடத் தெரியாதும்மா."

"ஓட்டையாவது ஒண்ணாவது! மில்லுக்காரன் சான்றிதழ்த் தாளைத்தான் கேக்குறான்."

கையெழுத்துப் போட்டார்.

மனசாட்சி உறுத்திய மனுஷன் சும்மா இருப்பதில்லை. கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து, கருகிக் கிடந்த பழைய மெஷினுக்கு லாசர் தன் கையாலேயே காயில் சுற்றினார். நல்ல காலம், மின்வெட்டும் நீங்கியது. மெஷின் கிர்ரென்று ஓடியது. ஜூன் மாதம் சேர்க்கைக்கு வந்தவர்களிடம், இந்த வருஷம் ஒவ்வொரு பையனும் தன் கையால் ஓட்டை போட்டால்தான் பாஸ் என்று பெருமையோடு அறிவித்தார்.

மறுநாள் காலையில் வாசலில் நூறு பேருக்குக் குறையாத கூட்டம். முன்னால் அழகம்மாள் நின்றாள். இளையவன் மொக்கையனைச் சேர்க்க வந்திருந்தாள்.

"மிஷின் இல்லாதப்ப பத்தொம்போதும் பாஸு. மிஷின் இருந்த வருசமெல்லாம் பாதிக்குப் பாதி பெயிலு. எங்க பிள்ளைகள்லாம் உருப்படக் கூடாதுன்னே அதை ரிப்பேர் பாத்தீகளா சார்?"

கூட்டத்தில் நல்லகாமனும் நின்றான். மடிப்புக் கலையாத சட்டை. லாசர் அவன் தோளைப் பிடித்தார். "நீயாவது சொல்லுடா. மில்லுல ஓட்டை போடச் சொன்னா என்ன செய்யிற?"

"எனக்கு எதுக்கு சார் அந்த வேலை? நான் சூப்பர்வைசர். போடத் தெரிஞ்சவங்க எட்டுப் பேரு எனக்குக் கீழ இருக்காங்க. அவங்ககிட்ட சான்றிதழ் இல்ல."

வெள்ளைத்துரை மக்கள் மனமறிந்த அதிகாரி. மெஷினை உடனே பண்டக அறைக்கு அனுப்ப உத்தரவிட்டு, மெஷின் வேண்டாம் என்று பெற்றோர் கொடுத்த மனுவை லாசரிடமே படிக்கக் கொடுத்தார். நூற்றிருபது கையெழுத்து. மூன்றாவதாக, தெளிவான மிஷன் பள்ளிக்கூடத்து எழுத்தில் இருந்தது: பிலோமினாள், கணவர் பெயர் லாசர்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதும் கேட்டார். பிலோமினாள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நம்ம மகனையும் இந்த வருசம் அங்கதானே சேக்குறோம்? ஊரு பிள்ளையெல்லாம் பாஸாகும், வாத்தியார் மகன் மட்டும் பெயிலாகணுமாக்கும்?"

லாசர் ரசத்துக்கு வந்தார், மோருக்கு வந்தார், கையைக் கழுவினார். மகனுடைய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஸ்குரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடிக்கிற கை அது. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பயிற்சிக்கூடத்துக்குப் போனார். மெஷினைத் துணியால் துடைத்து, தானே தூக்கிக்கொண்டு போய் பண்டக அறையில் ஒப்படைத்தார்.

ரெங்கம்மாள் பதிவேட்டைத் திறந்தாள். "நல்லா ஓடுதா?"

"நல்லா ஓடுது."

"அப்ப ரெண்டு பூட்டாப் போட்ருவோம்."