மூன்று கிண்ணத்து ஞானி

காலை ஆறு மணிக்கே அந்தப் பழைய பீரோக் கடையின் வாசலில் வரிசை தொடங்கிவிடும். ஏழு மணிக்கு அது மருந்துக் கடையைத் தாண்டும். எட்டு மணிக்குத் தபால் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குள் நுழையும். நிற்பவர்களில் ஒருவர்கூடப் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைத்திருக்க மாட்டார். வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்பது உள்ளே பத்தியம் சொல்லும் சத்துஞானியின் கட்டளை. பசியில் காது அடைத்துப் போனவன் கேள்வி கேட்கமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அளவுக்கு அவர் ஞானிதான்.

சோற்றிலும் ரொட்டியிலும் மாவுச்சத்து இருக்கிறது, எண்ணெயிலும் வெண்ணெயிலும் கொழுப்பு இருக்கிறது, பருப்பிலும் முட்டையிலும் புரதம் இருக்கிறது. இது பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டு இருக்கும் சங்கதி. இதைச் சொன்னால் நாலு பேர்கூட நின்று கேட்க மாட்டார்கள். ஞானி அதில் ஒரு சரக்கைச் சேர்த்தார். இந்த மூன்றில் ஏதோ ஒன்று ஒவ்வொரு மனிதனுக்கும் பிறவி எதிரியாம். அது எது என்று கண்டுபிடித்து அடியோடு விலக்கிவிட்டால் முட்டி வலி போகும், முடி முளைக்கும், முன்கோபம் அடங்கும், பிள்ளைகள் பரீட்சையில் தேறுவார்கள். கண்டுபிடிக்க ஞானியிடம் முத்தட்டுத் தராசு இருந்தது. விலக்கியதை ஈடுகட்ட டப்பா டப்பாவாக நிறைவுப்பொடி இருந்தது. அதை மட்டும் யாருக்கும் இலவசமாகத் தரமாட்டார்.

தராசின் புகழ் சும்மா பரவவில்லை. ரொட்டிக்கடைக்காரர் கையை வைத்தார், மாவுக் கிண்ணம் தாழ்ந்தது. பால்பண்ணைக்காரர் வைத்தார், கொழுப்புக் கிண்ணம் தாழ்ந்தது. முட்டை வியாபாரி வைத்தார், புரதக் கிண்ணம் பொத்தென்று இறங்கியது. நான் எதை அதிகம் சாப்பிடுகிறேன் என்று இந்தத் தராசுக்கு எப்படித் தெரிந்தது என்று மூவரும் வாயைப் பிளந்தார்கள். வாசலில் வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஒரு சீட்டை நீட்டி, "என்ன தொழில், தினமும் எதை அதிகம் சாப்பிடுவீங்க" என்று கேட்டதும், அதை அவர்களே தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்ததும், அந்தச் சீட்டு ஞானியின் மேசைக்குப் போனதும் ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நாற்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் அங்கே தலைமைச் சீடராக இருந்தார். அவருக்கே வரவில்லை. படிப்பு தலைக்குள் இருந்தால் போதாது, அவ்வப்போது வெளியே எடுக்கவும் வேண்டும்.

இந்த ஊர்வலத்தில் தன் மனைவியும் சேர்ந்துவிட்டாள் என்பதுதான் தராசு மெக்கானிக்கின் தலைவலி.

அவர் நகரத்தின் பாதித் தராசுகளுக்கு வைத்தியர். காய்கறிக் கடையின் கைத்தராசு, மாவு மில்லின் மேடைத் தராசு, ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளை நிறுக்கும் தொட்டில் தராசு, எல்லாம் அவர் கைக்கு வந்துதான் போகும். மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். பதினைந்து வருடமாக அவள் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. நாள் முழுக்க மிதித்து மிதித்து இடது முட்டி வலிக்க ஆரம்பித்தது. டிப்போ டாக்டர் பார்த்துவிட்டு, "எடையைக் கொஞ்சம் குறைங்க, முட்டிக்குப் பயிற்சி செய்யுங்க, மூணு சத்தும் அளவா சாப்பிடுங்க, காய்கறியைக் கூட்டுங்க" என்றார். இதற்கு ஆனது மூன்று நிமிடம். இதில் மர்மம் இல்லை, மந்திரம் இல்லை, டப்பாவும் இல்லை. ஆகவே அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

சத்துஞானி அவளுக்கு மாவுச்சத்துதான் எதிரி என்றார். அன்றிலிருந்து ஐந்து வாரமாக வீட்டில் சோறு இல்லை, ரொட்டி இல்லை, கிழங்கு இல்லை, வாழைப்பழம்கூட இல்லை. ஒரு கரண்டி பொடி, ஒரு டம்ளர் வெந்நீர், கொஞ்சம் எண்ணெயில் வதக்கிய கீரை. உடம்பு இளைத்தது. சாப்பிடாவிட்டால் யாருக்கும் இளைக்கும், அதற்கு ஞானி எதற்கு? முட்டி மட்டும் வலித்துக்கொண்டே இருந்தது.

போன வியாழக்கிழமை அவளே சிரித்துக்கொண்டு அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"இன்னிக்கு ஒரு கூத்து கேளுங்க. பச்சை விளக்கு எரியுது, பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க, நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். கண்டக்டர் வந்து தோளைத் தட்டினதும்தான் முழிச்சேன்."

"தூங்கிட்டியா?"

"தூக்கம் இல்ல. கண்ணு ஒரு மாதிரி இருட்டிடுச்சு. கெட்டதெல்லாம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும்னு ஞானி சொல்லியிருக்காரு."

"வண்டி நின்னுட்டிருந்தப்போ வெளியேறிச்சு, சரி. ஓடிட்டிருக்கும்போது வெளியேறினா?"

 வரும் திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு ஆற்றுப் பாலத்து வழித்தடம். இரண்டு பெட்டிகளை இணைத்த நீளப் பேருந்து. நிரம்பினால் நூற்றிருபது பேர்.  மெக்கானிக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், அவளுக்குப் பிடித்த ரொட்டியை வெண்ணெய் தடவி மூக்கருகே நீட்டியும் பார்த்தார். அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மறுபரிசோதனை. துணைக்கு என்று சொல்லிக்கொண்டு இவரும் போனார்.

உள்ளே பீரோக்களை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் ஒரு மேசை. தரைவரை தொங்கும் கறுப்பு வெல்வெட்டு. மேசைமேல் பித்தளைத் தூண், தூணின் உச்சியில் மூன்று கைகள், ஒவ்வொரு கையிலும் சங்கிலியில் தொங்கும் ஒரு மூடிபோட்ட கிண்ணம். மூடிகளில் மாவு, கொழுப்பு, புரதம் என்று எழுதி, உள்ளே அதது கொஞ்சம் போட்டிருந்தது. மேசைக்குப் பின்னால் உயர்ந்த நாற்காலியில் சத்துஞானி. அரைக்கண் மூடியிருந்தார். எதிரே நூறு பேர் முழுக்கண் மூடியிருந்தார்கள்.

மனைவி தூணில் உள்ளங்கையை வைத்தாள். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு கொழுப்புக் கிண்ணம் இறங்கி நின்றது.

"முதல் எதிரி ஒழிஞ்சான். ரெண்டாம் எதிரி தலையைத் தூக்குறான்," என்றார் ஞானி. "இன்னும் நாப்பது நாளைக்குக் கொழுப்பும் ஆகாதும்மா. எண்ணெய், வெண்ணெய், கடலை எதுவும் வேணாம். பொடி மட்டும் போதும். வேளைக்கு ரெண்டு கரண்டியா ஆக்கிக்கோ."

சோறு ஏற்கெனவே போயாயிற்று. எண்ணெயும் போய்விட்டால் நாளைக்குப் பாலத்தின்மேல் அவள் எதைக்கொண்டு கண்ணைத் திறந்து வைத்திருப்பாள்?  இந்தப் பயத்திலும் மெக்கானிக்கின் பார்வை கிண்ணத்தை விட்டு நகரவில்லை. தொங்கும் தட்டு இறங்கினால் ஆடும். ஆடி, அசைந்து, சலித்துப்போய்த்தான் ஓரிடத்தில் நிற்கும். முப்பது வருடத்தில் ஆடாமல் இறங்கிய தட்டு ஒன்றை அவர் பார்த்ததில்லை. இந்தக் கிண்ணமோ யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இறங்கிய இடத்திலேயே கப்பென்று நின்றது.

"ஐயா, ஒரு சந்தேகம். இப்பவே இன்னொரு தடவை கையை வெச்சா இதேதான் காட்டுமா?"

"நூறு தடவை வெச்சாலும் இதேதான். தராசுக்கு நாக்கு பிறழாது."

"நூறு வேணாம், நாலு போதும். கிண்ணத்தை மட்டும் துணியால மூடிட்டு வைக்கலாமா? எது எங்க தொங்குதுன்னு உங்களுக்கும் தெரியக்கூடாது, எங்களுக்கும் தெரியக்கூடாது. என் பட்டறைக்கு எந்தத் தராசு வந்தாலும் முதல்ல தட்டை மாத்தித்தான் பார்ப்பேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. "ஞானியையே சோதிக்கிறதா? இதெல்லாம் வம்பு பிடிச்ச வேலை," என்றார் ரொட்டிக்கடைக்காரர், எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்தபடியே. ஞானி அரைக்கண்ணை முழுசாகத் திறந்தார்.

"நம்பிக்கை இல்லாதவங்க வெளியே போகலாம்."

மனைவி குறுக்கிட்டாள்.

"நான் நம்பித்தாங்க வந்திருக்கேன். ஆனா நான் தினமும் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்கை மிதிச்சுப் பார்த்துட்டுத்தான் எடுக்கறேன். அதுக்காக வண்டி என்கிட்ட கோவிச்சுக்கிட்டதில்ல. பார்த்துட்டா எனக்கும் நிம்மதி. இவரு வாயும் அடங்கும்."

இதற்கு மறுத்தால் அசிங்கம். ஞானி பெரிய மனதோடு தலையசைத்தார்.

கணக்கு டீச்சரிடம் பொறுப்பைக் கொடுத்தார் மெக்கானிக். தான் தொட்டால் ஏதோ வித்தை செய்துவிட்டதாகச் சொல்வார்கள், சீடர் தொட்டால் பேச்சே இல்லை. டீச்சர் மூன்று கிண்ணத்தையும் ஒரு பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரே மாதிரித் துணியில் முடிந்து, இடம் மாற்றிக் கொண்டுவந்து மாட்டினார்.

மனைவி கையை வைத்தாள். இடப்பக்கக் கிண்ணம் இறங்கியது. டீச்சர் முடிச்சை அவிழ்த்தார். புரதம்.

"நம்பிக்கைக் குறைவு அதிர்வைக் கெடுக்குது," என்றார் ஞானி.

இரண்டாம் முறை. வலப்பக்கம் இறங்கியது. அவிழ்த்தால் மாவு.

"ஒழிஞ்ச எதிரி திரும்பி வந்துட்டானா?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

மூன்றாம் முறை மறுபடியும் புரதம். கால் மணி நேரத்தில் ஒரு பெண்மணிக்கு மூன்று எதிரிகள். இப்படியே போனால் அவளுக்குக் காற்றும் ஆகாது என்று வந்திருக்கும். டீச்சர் ஒரு துண்டுக் காகிதத்தில் முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தார். எழுதிவிட்டு அதையே வெகுநேரம் பார்த்தார். நாற்பது வருடமாகப் பிள்ளைகளின் தப்புக் கணக்கைச் சிவப்பு மையால் சுழித்த விரல் அந்தக் காகிதத்தையும் சுழித்தது. நான்காம் முறை பீரோவுக்குப் பின்னால் போனவர் திரும்பிவரக் கொஞ்சம் தாமதமானது.

மனைவி கையை வைத்தாள். இந்த முறை அவள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, ஞானியைப் பார்த்தாள். நடுக்கிண்ணம் இறங்கியது.

"இதோ," என்றார் ஞானி குரலை உயர்த்தி. "அதிர்வு சரியாயிடுச்சு. இதுதான் உன் உண்மையான எதிரி. அவிழ்த்துக் காட்டுங்க."

டீச்சர் அவிழ்த்தார். மூடியைத் திறந்து கூட்டத்தின் பக்கம் சாய்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. துடைத்த மாதிரி காலி.

"மூணையும் நான்தான் கொட்டிட்டு வந்தேன்," என்றார் டீச்சர். "மூணுமே காலி. எதைப் பார்த்து இது தாழ்ந்துச்சு?"

 மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"காலிக் கிண்ணம்தான் எதிரின்னு சொல்லுது. இந்தத் தராசு இன்னிக்குத்தான் முதல் தடவையா உண்மை பேசியிருக்கு."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், பட்டினி வயிறுகள் எல்லாம் குலுங்கிச் சிரித்தன.

மனைவி சிரிக்கவில்லை. மேசையைச் சுற்றிப் போய் வெல்வெட்டைத் தூக்கினாள். ஞானியின் காலடியில் வரிசையாக மூன்று மிதிகட்டைகள். அவற்றிலிருந்து மேசைக்கு அடியில் ஓடிய மூன்று கம்பிகள், கம்பிகளின் நுனியில் மூன்று மின்காந்தங்கள். மெக்கானிக் தன் சாவிக்கொத்தைக் கிண்ணம் இருந்த இடத்துக்கு நேர்கீழே மேசைமேல் வைத்துவிட்டு ஒரு கட்டையை அழுத்தினார். சாவி வெல்வெட்டோடு ஒட்டிக்கொண்டது, பிடித்து இழுத்தும் வரவில்லை. பித்தளைக் கிண்ணத்துக்கு இரும்பில் அடி போட்டிருந்தது. ஞானம் முழுவதும் அந்த அடியில்தான் இருந்தது.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டார் மெக்கானிக்.

"கிண்ணம் இறங்கறதுக்கு முன்னாடி இவரு தோள் இறங்குச்சு. பதினஞ்சு வருஷமா மிதிக்கிறேன். ஒருத்தன் மிதிக்கிறானா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள்.  "அஞ்சு வாரமா இந்த ஆளை நம்பி அத்தனை பேரையும் ஏத்திக்கிட்டு ஓட்டியிருக்கேங்க."

மெக்கானிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பேர் முன்னால் அவர் அப்படிச் செய்வது இதுவே முதல் தடவை.

நிறைவுப்பொடி டப்பா ஒன்றை ரொட்டிக்கடைக்காரர் உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. வறுத்த கோதுமை மாவு. அதோடு ஏலக்காய் வாசனை. எதை விலக்கச் சொன்னாரோ அதையே அவருக்கு டப்பாவில் அடைத்து விற்றிருக்கிறார் ஞானி. சத்தம் கிளம்பியது. அந்தச் சத்தத்தில் சத்துஞானி பின்வாசலை நோக்கி எடுத்த ஓட்டத்தைப் பார்த்தால், அந்த மனிதர் மட்டும் மூன்று சத்தும் குறைவில்லாமல் சாப்பிட்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. தெருமுனையில் பால்பண்ணைக்காரரும் முட்டை வியாபாரியும் மடக்கிப் பிடித்தார்கள். போலீஸ் வரும்வரை அவர்களே காவல் இருந்தார்கள்.

எதிர் ஓட்டலில் ஒரு மேசையைப் பிடித்துத் தம்பதி உட்கார்ந்தார்கள். மனைவி சோறு, பருப்பு, ஒரு முட்டை, எண்ணெயில் தாளித்த காய்கறி எல்லாம் வாங்கிக்கொண்டாள். அள்ளிக் கொட்டிக்கொள்ளவில்லை, நிதானமாகச் சாப்பிட்டாள். முகத்தில் மெல்ல இரத்தம் வந்தது. நாளைக் காலையில் முதலில் டிப்போ டாக்டரைப் பார்ப்பது, அவர் சரி என்றால்தான் பாலத்து வண்டியை எடுப்பது, இல்லையென்றால் விடுப்பு எழுதிக்கொடுப்பது என்று முடிவு செய்தாள். மெக்கானிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குள் மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எல்லாம் வரிசையில் நின்ற முகங்கள். ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு மெக்கானிக்கின் முன் குனிந்தார்.

"ஐயா, அந்த ஆளு ஃபிராடுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. உங்ககிட்டதான் நெஜமான தராசு இருக்குமாமே. கொஞ்சம் என் கையையும் பார்த்து, எனக்கு எது ஆகாதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

மெக்கானிக் திகைத்துப் போய் மனைவியைப் பார்த்தார். அவள் வாயிலிருந்த கவளத்தை மென்று விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"அதுக்குத் தராசு எதுக்குங்க? கேள்வி கேக்காம யார் முன்னாடி வேணும்னாலும் குனியறீங்க பாருங்க, அதுதான் உங்களுக்கு ஆகாது."